ஆற்றின் நடுவே ஒரு கோடு

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறியவர்கள், கும்மிடிப்பூண்டியைக் கடந்த சிறிது நேரத்திற்கெல்லாம் தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டி விடுகிறார்கள். தாண்டியது சரியாக எந்த இடத்தில் என்று கேட்டால், பல்லாண்டுகளாக அத்தடத்தில் போய் வரும் நமக்கே சொல்லத் தெரியாது. நிலையப் பலகையில் எழுத்து மாறுகிறது, காப்பி விற்பவர் கூவும் மொழி மாறுகிறது, அவ்வளவுதான். பிழைப்பை நாடித் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி, முதிய பெற்றோரை ஊரில் விட்டு வந்திருக்கும் நாம், தூரத்தை நினைத்து வருந்துவதுண்டு. விடுப்புக் கிடைக்கவில்லை என்றும், ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்றும் வருந்துவதுண்டு. ஆனால் தாய் வீட்டின் கூரை கண்ணுக்குத் தெரிய, அங்கே செல்லப் பாலமும் இருக்க, அதன் நடுவில் கிழித்த ஒரு கோட்டைத் தாண்டலாகாது என்று தடுக்கப்பட்ட அனுபவம் நமக்கு இல்லை. அந்த அனுபவத்தை இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தேசத்து மக்களுக்குத் தந்தது ஒரு சிறிய பாலம். வியட்நாம் நாட்டின் ஹியென் லுவாங் பாலம் அது.

வியட்நாமின் இடை மிகவும் சிறுத்த பகுதியில் குவாங் திரி மாகாணம் இருக்கிறது. அதன் மேற்கே லாவோஸ் எல்லையை ஒட்டிய மலைத்தொடரில் தோன்றி, கிழக்கே குவா துங் என்னுமிடத்தில் கடலிற் கலக்கிறது பென் ஹாய் ஆறு. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமே உள்ள ஆறு. நம் காவிரியையோ கோதாவரியையோ கண்டவர்கள் இதை ஆறு என்று மதிக்கவும் தயங்குவார்கள். ஹியென் லுவாங் என்பது ஆற்றங்கரையிலுள்ள கிராமத்தின் பெயர். முன்பு அதற்கு மின் லுவாங் என்று பெயராம். மின் மாங் என்னும் பேரரசர் பட்டத்திற்கு வந்த பின், அவர் பெயரின் முதற்சொல்லைக் குடிகள் உச்சரிக்கலாகாது என்பதால் ஊரின் பெயரை மாற்றி விட்டார்கள். கணவன் பெயரை வாயால் சொல்லாத நம் வீட்டுப் பாட்டிமாரை அறிந்தவர்களுக்கு இவ்வழக்கம் விசித்திரமாகத் தோன்றாது.

1928-ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் நடந்து செல்வதற்காக ஒரு மரப்பாலம் அமைத்தார்கள். பிரெஞ்சு ஆட்சியாளர் அதைப் பழுது பார்த்தார்கள், வலுப்படுத்தினார்கள், பின்பு 1950-இல் கான்கிரீட் பாலமாகவே கட்டினார்கள். விடுதலைப் போராளிகள் அதை வெடி வைத்துத் தகர்க்கவே, 1952-இல் மீண்டும் ஒன்று எழுந்தது. இந்த 1952-ஆம் ஆண்டுப் பாலமே வரலாற்றில் இடம் பெற்றது. நீளம் 178 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஏழு கண்கள், கான்கிரீட் தூண்களின் மேல் எஃகு விட்டங்கள், அவற்றின் மேல் பைன் மரப் பலகைகள். இரண்டு மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று சற்று ஒதுங்க வேண்டும். ராணுவ நோக்கத்துக்காக அவசரமாகக் கட்டப்பட்ட இந்தப் பாலத்துக்குப் புகழ் தேடித் தந்தவர்கள், அதை ஒருநாளும் பார்த்திராத சில ராஜதந்திரிகள்.

1954-ஆம் ஆண்டு கோடையில் ஜினீவா நகரில் கூடிய மாநாட்டை நேயர்களில் மூத்தவர்கள் அறிந்திருப்பார்கள். தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்து விட்டது. போரை நிறுத்த வேண்டும். இரு படைகளையும் விலக்கி வைக்க வேண்டும். அதற்கு ஒரு கோடு வேண்டும். வியட்மின் தரப்பினர் முதலில் 13-ஆவது அட்சரேகையைக் கேட்டு, பின்பு 16-க்கு இறங்கி வந்தார்கள். பிரெஞ்சுக்காரர் 18-ஐப் பிடித்துக் கொண்டிருந்தார்கள். ஓர் அட்சரேகைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதை நினைவிற் கொண்டால், ஒவ்வோர் எண்ணிலும் எத்தனை ஊர்கள், எத்தனை குடும்பங்கள் இங்குமங்கும் கைமாறின என்பது புலப்படும். பழைய தலைநகரான ஹுவே எந்தப் பக்கம் விழும் என்பதும் அந்த எண்ணைப் பொறுத்தே இருந்தது. ஜூலை 20-ஆம் தேதிக்குள் உடன்பாடு காணாவிட்டால் பதவி துறப்பதாகப் பிரெஞ்சுப் பிரதமர் மெந்தெஸ் பிரான்ஸ் வாக்களித்திருந்தார். கடைசி நாளில் ருஷ்ய அமைச்சர் மாலடோவ் 17 என்ற எண்ணைச் சொன்னார். இரு தரப்பாரும் இசைந்தனர். கையெழுத்தாகும்போது நள்ளிரவு கடந்து விட்டது. வாக்குப் பொய்க்கலாகாது என்று மண்டபத்துக் கடிகாரங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்! காய்கறிக் கடைப் பேரம் இதைவிட நிதானமாக நடக்கும் என்று சொன்னால் அது மிகையாகாது.

பென் ஹாய் ஆறு 17-ஆவது அட்சரேகையை ஒட்டி ஓடுவதால் ஆறே கோடாயிற்று. ஆற்றின் இரு புறமும் ஐந்து கிலோமீட்டர் வரை படைகள் இருக்கலாகாத பகுதி. இக்கோடு தற்காலிகமானது, அரசியல் எல்லையாகவோ நாட்டின் எல்லையாகவோ இதைக் கொள்ளலாகாது என்று மாநாட்டின் இறுதிப் பிரகடனம் திட்டவட்டமாகக் கூறிற்று. 1956-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாடு முழுவதும் தேர்தல் நடத்தி ஒன்றாக்கி விடுவது என்றும் ஏற்பாடு. இரண்டே ஆண்டுகள்! ஆனால் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரெஞ்சு ராணுவமும் வியட்மின் ராணுவமுமே. பிரெஞ்சுக்காரர் மூட்டை கட்டிக் கொண்டிருந்தவர்கள். தெற்கே ஆட்சிக்கு வந்த ஙோ டின் டியெம், தம் அரசாங்கம் கையெழுத்திடாத ஒப்பந்தம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்றார். வடக்கே சுதந்திரமான தேர்தல் நடவாது என்றும் வாதாடினார். அமெரிக்காவும் கையெழுத்திடவில்லை. 1956 ஜூலை வந்தது, போயிற்று, தேர்தல் வரவில்லை.

ஒப்பந்தப்படி 300 நாட்கள் வரை மக்கள் விரும்பிய பகுதிக்குச் செல்லலாம். வடக்கிலிருந்து எட்டு, ஒன்பது லட்சம் பேர் தெற்கே சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். தெற்கிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வியட்மின் வீரர்களும் ஊழியர்களும் வடக்கே சென்றார்கள். இவ்வாறு சென்றவர்களில் பலர் இளைஞர்கள், அண்மையில் மணமானவர்கள். இரண்டு ஆண்டுகளில் திரும்பி விடுவோம் என்ற நம்பிக்கையில் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுச் சென்றார்கள். கப்பலில் ஏறும்போது கரையில் நின்றவர்களுக்கு இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டியதாகச் சொல்வார்கள். இரண்டு ஆண்டு என்று பொருள். கரையில் நின்றவர்களும் இரண்டு விரல்களைக் காட்டி விடை கொடுத்தார்களாம்.

பாலத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். வடக்கே 89 மீட்டர், தெற்கே 89 மீட்டர். நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. விரற்கடைக்கும் குறைந்த அகலம். பலகைகளையும் எண்ணி வைத்திருக்கிறார்கள்: வடபாதியில் 450, தென்பாதியில் 444. நீளம் சமமாக இருந்தும் பலகைகள் சமமாக அமையவில்லை. இரு கரைகளிலுமாக நான்கு போலீஸ் நிலையங்கள் இருந்தன. ஹியென் லுவாங்கும் குவா துங்கும் வடகரையில், சுவான் ஹோவாவும் கட் சோனும் தென்கரையில். தொடக்கத்தில் அனுமதிச் சீட்டுடன் அக்கம்பக்கத்துக் கிராமத்தார் ஆற்றைக் கடந்து வந்தார்கள். அதுவும் நாளடைவில் நின்று போயிற்று. வின் லின் வட்டாரத்துப் பெண் கியோ லின் வட்டாரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால், அவளுக்கு அம்மா வீடு அந்நிய நாடாகி விட்டது. இரண்டுக்கும் இடையே ஓர் ஓடம் போகும் தூரந்தான்.

அந்தப் பாலத்தைக் கடக்க முடிந்தது அஞ்சலட்டைக்கு மட்டுமே. வடக்கும் தெற்கும் மூடிய கடிதங்களை அனுமதிக்கவில்லை. அச்சிட்ட, திறந்த அட்டைகளில் குடும்ப நலம் பற்றிச் சில வரிகள் எழுதலாம். இரு தரப்பு ஊழியரும் அஞ்சற் பைகளைப் பாலத்தில் வைத்து மாற்றிக் கொண்டார்கள். இரு தரப்பு அதிகாரிகளும் படித்துப் பார்க்கக் கூடிய அட்டையில் ஒருவன் மனைவிக்கு என்ன எழுத முடியும்? "நலம். நலம் அறிய அவா." நம் தலைமுறைகள் இந்த வாசகத்தை எத்தனை முறை எழுதியிருக்கின்றன! நாம் பழக்கத்தால் எழுதினோம். அவர்களோ வேறு எதையும் எழுத இயலாமல் எழுதினார்கள்.

இந்தக் கோட்டைக் காவல் செய்யும் பொறுப்பில் நமக்கும் பங்கு இருந்தது என்பதை இந்தியாவில் இன்று பலர் மறந்து விட்டார்கள். ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று கண்காணிக்கச் சர்வதேசக் கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டது. போலந்து, கனடா, இந்தியா ஆகிய மூன்று நாடுகள் உறுப்பினர், தலைமை இந்தியாவுக்கு. 1954 ஆகஸ்டில் எம். ஜே. தேசாய் தலைமையில் வேலை தொடங்கியது. 1955-56-இல், அதாவது தேர்தல் நடந்திருக்க வேண்டிய அந்த நெருக்கடியான காலத்தில், தலைவராக இருந்தவர் ஜி. பார்த்தசாரதி. கோபாலசாமி ஐயங்காரின் புதல்வர். சென்னைக்காகக் கிரிக்கெட் ஆடியவர். 'ஹிந்து' பத்திரிகையில் பணியாற்றியவர். பின்னாளில் தில்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கியதால், தலைநகரிலுள்ள தமிழர்களுக்கு அவர் பெயர் பழக்கமானதே.

கமிஷனுக்குக் கண் இருந்தது, கை இல்லை. எங்கே செல்வதென்றாலும் அந்தந்தப் பகுதி அதிகாரிகள் வாகனமும் அனுமதியும் தர வேண்டும். பார்த்ததை எழுதலாம், தடுக்க முடியாது. 1962 ஜூன் மாதத்தில் கமிஷன் ஒரு விசேஷ அறிக்கை வெளியிட்டது. தெற்கே கலகத்தை ஊக்குவிப்பதாக வடக்கையும், ஒப்பந்தத்தை மீறி அமெரிக்க ராணுவ உதவியைப் பெறுவதாகத் தெற்கையும் அது குறை கூறிற்று. இந்தியாவும் கனடாவும் ஒரு பக்கம், போலந்து உடன்படவில்லை. இரு தரப்புக்கும் கசந்த அறிக்கை அது. அதனாலேயே அதில் உண்மை இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அறிக்கை அச்சாகி வந்தபோது துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கி விட்டன. கமிஷனின் பணியில் உயிர் கொடுத்தவர்களும் உண்டு. 1965 அக்டோபர் 18-ஆம் தேதி வியெந்தியானிலிருந்து ஹானோய்க்குப் புறப்பட்ட கமிஷனின் விமானம் பதின்மூன்று பேருடன் மறைந்து போயிற்று. அவர்களில் இந்தியரும் இருந்தனர். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இயலவில்லை. நாட்டில் பெரிய நினைவுச் சின்னம் எதுவும் பெறாத இவர்களை இந்த இடத்தில் நினைத்துக் கொள்வது கடமை.

ஆற்றங்கரைக்குத் திரும்புவோம். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே அங்கே வேறு விதமான போர்கள் நடந்தன. கொடிப் போர் ஒன்று. வடகரையில் சவுக்கு மரக் கம்பத்தில் ஒரு கொடி ஏறினால், தென்கரையில் அதைவிட உயரமாக ஒன்று ஏறும். வடக்கே 34.5 மீட்டர் எஃகுக் கம்பம். தெற்கே 35 மீட்டர். கடைசியில் 1962-இல் வடக்கே 38.6 மீட்டர் உயரத்தில் ஒன்றை நிறுத்தினார்கள். அதில் பறந்த கொடியின் பரப்பு 134 சதுர மீட்டர். ஒரு சிறிய குடும்பம் வசதியாகக் குடியிருக்கக் கூடிய வீட்டின் பரப்பு அது! கடற்காற்றிலும் பிற்காலத்தில் குண்டு வீச்சிலும் கிழிந்த கொடிகளை வடகரைப் பெண்கள் ஊசி நூல் கொண்டு தைத்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

வர்ணப் போரும் நடந்ததாம். தென்னவர் தம் பாதிக்கு ஒரு வர்ணம் பூசினால், நாடு ஒன்றே என்பதைக் காட்ட வடவரும் தம் பாதிக்கு அதையே பூசுவார்கள். உடனே தெற்கே வேறு வர்ணம் பூசுவார்கள். மறுபடியும் வடக்கே அதே வர்ணம். இக்கதையை இன்று சொல்பவர்கள் வென்ற தரப்பினர் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். தென்கரைப் போலீஸ்காரர் எவரேனும் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் நம் கருத்தைக் கவர்வது ஒலிபெருக்கிப் போரே. வானொலியின் மூலம் பேசும் நமக்கு அதில் கூச்சமும் கலந்த ஓர் அக்கறை உண்டாவது இயல்பு. வடகரையில் ஒலிபெருக்கிகளை வரிசையாக நிறுத்தித் தென்கரையாருக்குச் செய்தியும் பாட்டும் நாடகமும் ஒலிபரப்பினார்கள். தென்கரையில் அதைவிட வலிய கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பதில் கொடுத்தார்கள். வடக்கே இன்னும் பெரியவை வந்தன. அவற்றில் மிகப் பெரியதன் வாய் 1.7 மீட்டர் விட்டம் கொண்டது. காற்று வாகாக வீசினால் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள். ஓர் ஆளை நிற்க வைத்தால் அதன் வாய்க்குள் ஏறத்தாழ அடங்கி விடுவான். இடையில் அகப்பட்ட கிராமத்தாரைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயலில் நாற்று நடும்போதும், குழந்தையை உறங்க வைக்கும்போதும் இரு கரைகளிலிருந்தும் இடிமுழக்கம்! ஆற்றின் நடுவில் இரண்டும் மோதும்போது ஒரு சொல்லாவது விளங்கியிருக்குமா? கரைக்குக் கரை கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்த உறவினர்கள் பேசிக் கொள்ள வழியில்லை. அதே தூரத்தைக் கடக்க இருவர் அரசாங்கங்களும் அவ்வளவு மின்சாரத்தைச் செலவிட்டன.

பிறகு உண்மையான போர் வந்தது. அதை விரித்துரைக்க இங்கே இடமில்லை. 1965 முதல் வடகரையில் குண்டுகள் பொழிந்தன. வின் மோக் என்னும் கடற்கரைக் கிராமத்தார் செம்மண் நிலத்தைக் குடைந்து, மூன்று அடுக்குச் சுரங்கம் அமைத்து, பூமிக்கடியில் வாழத் தலைப்பட்டார்கள். கிணறும் சமையலிடமும் பிரசவ அறையும் அதற்குள் இருந்தன. பதினேழு குழந்தைகள் அங்கே பிறந்தார்கள். தென்கரையிலோ 1967-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராணுவம் புகுந்து, ஆயிரக்கணக்கான கிராமவாசிகளை வீடு வாசலை விட்டு அப்புறப்படுத்தியது. அதே ஆண்டில் பாலமும் அமெரிக்கக் குண்டுகளுக்கு இரையாகி ஆற்றில் விழுந்தது. கோடு கிழித்திருந்த பலகையும் அதனோடு போயிற்று; கோடு போகவில்லை. 1972-இல் வடக்கு ராணுவம் ஆற்றைக் கடந்து குவாங் திரியின் பெரும் பகுதியைப் பிடித்த பின்னரே இரு கரையும் ஒருவர் கைக்கு வந்தன. மிதவைப் பாலம் ஒன்று வந்தது. 1974-இல் கான்கிரீட் பாலம் வந்தது. 1975 ஏப்ரல் 30-ஆம் தேதி சைகோன் வீழ்ந்தது. 1976 ஜூலை 2-ஆம் தேதி நாடு சட்டப்படி ஒன்றாயிற்று. இரண்டு விரல் காட்டிச் சென்றவர்கள் இருபத்தோராண்டு கழித்துத் திரும்பினார்கள்.

எல்லாரும் திரும்பவில்லை. பென் ஹாய் ஆற்றின் தலைப்பகுதியை அடுத்த மயானத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட போர்வீரர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. உயிருடன் திரும்பியவர்களிலும் சிலர், வடக்கே மணந்த மற்றொரு மனைவியுடனும் மக்களுடனும் வந்தார்கள். தெற்கே காத்திருந்தவள், வடக்கே கணவன் இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்தவள், இப்போது வாசலில் நின்று அந்தப் பிள்ளைகளை உள்ளே வரச் சொன்னாள். மறுமணம் செய்துகொண்ட பெண்களும் உண்டு; அவர்களைக் குறை சொல்ல யாருக்கு உரிமை? இருபத்தோராண்டு என்பது பிறந்த குழந்தை வளர்ந்து கல்யாணத்துக்கு நிற்கும் காலம். தேர்தலில் வென்றவர், போரில் வென்றவர் என்ற கணக்குகளில் இது எங்கும் வருவதில்லை. அதிலும் தெற்கே தோற்ற தரப்புக்காகப் போரிட்டவர்கள் பலர் முகாம்களில் அடைபட்டார்கள். லட்சக்கணக்கானோர் படகேறி நாட்டை விட்டே சென்றார்கள். கோடு அழிந்த பின்னும் பிரிவு அவ்வளவு சுலபத்தில் அழியவில்லை.

இப்போது அங்கே செல்பவர்கள் காண்பது, 1952-ஆம் ஆண்டு அமைப்பை ஒட்டி 2003-இல் திரும்பக் கட்டிய பாலம். பலகைகள் பதித்த அதே குறுகிய பாதை. வடபாதிக்கு நீலமும் தென்பாதிக்கு மஞ்சளும் பூசியிருக்கிறார்கள். ஒரே வர்ணமாக்க அவ்வளவு பாடுபட்டதாகச் சொல்பவர்கள் இப்போது இரண்டு வர்ணமாக வைத்திருப்பது வேடிக்கையே. ஆனால் பிரிந்திருந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேறு என்ன செய்வது? வடகரையில் 38.6 மீட்டர்க் கொடிக்கம்பம் நிற்கிறது. ஏப்ரல் 30-ஆம் தேதி தோறும் கொடியேற்று விழா நடக்கிறது. பெரிய ஒலிபெருக்கி ஒன்றும் காட்சிக்கு இருக்கிறது. அதன் வாய்க்குள் தலையை நீட்டிப் பள்ளிக் குழந்தைகள் கூவிப் பார்க்காமலா இருப்பார்கள்? தென்கரையில் ஒரு பெண்ணின் சிலை. பக்கத்தில் குழந்தை. இருவரும் வடக்கே நோக்கி நிற்கிறார்கள்.

பழைய பாலத்தில் வண்டிகள் செல்வதில்லை. மேற்கே சற்றுத் தள்ளி, 1996-இல் கட்டிய அகலமான பாலத்தின் வழியாக நெடுஞ்சாலை செல்கிறது. ஹானோயிலிருந்து தெற்கே செல்லும் பஸ்கள் அரை நிமிடத்துக்குள் அதைக் கடந்து விடுகின்றன. இரவு வண்டியாக இருந்தால் பிரயாணிகள் பெரும்பாலும் உறங்கிக் கொண்டிருப்பார்கள்.